மடியில் கத்தி: காவலா, கண்டமா?

மணப்பாறை என்றால் முறுக்கு. திண்டுக்கல் என்றால் பூட்டு. பத்தமடை என்றால் பாய்.

ஸ்பெயின் நாட்டிலே, அல்பசெத்தே என்றால் கத்தி!

சாதாரணக் கத்தி அல்ல. மடக்குக் கத்தி. ஒரு காலத்தில் ஸ்பெயின் நாட்டு ஏழை எளியவர்கள் பலருடைய இடுப்பிலும் அது இருந்தது. வண்டிக்காரன் வைத்திருந்தான். ஆட்டிடையன் வைத்திருந்தான். பெண்களும் வைத்திருந்தார்கள்.

ரொட்டி வெட்ட அது உதவியது. "வழியில் யாராவது வம்புக்கு வந்தால்?" என்ற பயத்துக்கும் அதுவே துணை என்று நம்பினார்கள்.

அந்தத் துணை உண்மையில் காப்பாற்றியதா? இன்றைக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. இரவு வேலைக்குப் போகிறவர்களும், வெளியூர் போகும் பிள்ளையை நினைத்துக் கவலைப்படும் பெற்றோரும், "கைப்பையில் ஒரு சின்னக் கத்தி இருக்கட்டுமே!" என்று நினைப்பதுண்டு.

மடக்குக் கத்தியின் கதையைத் தெரிந்துகொண்டால், அந்தக் கேள்விக்குப் பதிலும் தெரிந்துவிடும்.

ரெயில் நின்றால் வியாபாரம்

ஸ்பெயினின் தலைநகரம் மாட்ரிட். அங்கிருந்து தென்கிழக்கே கடற்கரையை நோக்கிப் போகும் ரெயில் பாதையில் இருக்கிறது அல்பசெத்தே. 1855-ல் அந்த ஊருக்கு ரெயில் வந்தது.

ரெயில் வந்ததும் கத்தி வியாபாரம் சூடு பிடித்தது. வண்டி வந்து நிற்கும். வியாபாரிகள் ஓடி வருவார்கள். அவர்கள் இடுப்பிலே அகலமான பட்டை. அந்தப் பட்டை நிறைய, வரிசை வரிசையாகக் கத்திகள்! பிரயாணிகள் பேரம் பேசி, ஊர் ஞாபகமாக ஒன்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கத்தி வியாபாரிக்கு இன்று அல்பசெத்தே நகரின் நடுவிலே சிலை இருக்கிறது. கத்திக்கென்றே ஒரு கண்காட்சிச் சாலையும் இருக்கிறது. 2004-ல் திறக்கப்பட்டது.

அந்த மடக்குக் கத்தியின் பெயர் நவாஹா. சவரக்கத்தி என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பழைய முடிதிருத்தும் கடைகளில் பார்த்திருப்பீர்கள், அலகு பிடிக்குள்ளே மடங்கும் சவரக்கத்தியை. நவாஹாவும் அப்படித்தான். அலகு பிடிக்குள் மடங்கிவிடும். கூர் வெளியே தெரியாது. துணியையும் கிழிக்காது, தொடையையும் கிழிக்காது.

ராஜா போட்ட தடை

அந்தக் காலத்தில் வாள் பிரபுக்களுக்கு உரியது. குடியானவனுக்கு வாள் ஏது?

18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் மன்னர்கள் கத்திகளுக்குக்கூடத் தடை போட்டார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை! பல தடவை போட்டார்கள் என்றாலே, ஜனங்கள் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்?

உறையில் போட்டு இடுப்பில் தொங்கவிட்ட கத்தி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மடக்குக் கத்தி அப்படி அல்ல. துணிக்குள்ளே மறைந்துவிடும். "ரொட்டி வெட்ட வைத்திருக்கிறேன்" என்று சொல்லவும் வசதி. அந்தப் பதிலில் பொய்யும் இல்லை. வயலிலும் சாலையிலும் உழைக்கிறவனுக்கு ரொட்டி, பாலாடைக் கட்டி, கயிறு, தோல் எல்லாவற்றையும் வெட்ட அது ஒன்றே போதும்.

இப்படி ஒரே பொருள் இரண்டு வேஷம் போட்டது. காலையில் கருவி. இராத்திரியில் ஆயுதம்.

கச்சையில் ஒன்று, காலில் ஒன்று

ஸ்பெயின் நாட்டு ஆண்கள் இடுப்பில் அகலமான துணிக் கச்சை கட்டுவார்கள். பல சுற்றுச் சுற்றிக் கட்டும் கச்சை. நம் ஊர்ப் பெரியவர்கள் வேட்டி மடியில் வெற்றிலையும் சில்லறையும் சொருகுவதுபோல, அவர்கள் கச்சையில் நவாஹாவைச் சொருகிக்கொண்டார்கள்.

சில கத்திகள் சிறியவை. சில கத்திகளை விரித்தால் ஒரு அடிக்கு மேல் நீளம்!

பெண்கள் வைத்திருந்த கத்தி மிகச் சிறியது. அதைக் காலுறை நழுவாமல் கட்டும் பட்டையிலோ, ரவிக்கைக்குள்ளோ மறைத்து வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. மானத்தைக் காக்கும் கத்தி என்று அதற்குப் பெயர்.

நவாஹாவின் இன்னொரு விசேஷம் அதன் சத்தம். அலகின் அடியிலே பற்கள் வெட்டியிருப்பார்கள். கத்தியை விரிக்கும்போது ஒவ்வொரு பல்லாக வில்லில் மாட்டும். "கிரிக்... கிரிக்... கிரிக்..." என்று, பழைய சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோலச் சத்தம் வரும். ஏழு தடவை சத்தம் போடும் கத்தி என்றால் மவுசு அதிகம்.

இருட்டிலே அந்தச் சத்தம் கேட்டால் எதிரில் நிற்பவனுக்கு அடிவயிறு கலங்கும். குத்துவதற்கு முன்பே பயமுறுத்துவது அதன் வேலை.

பழைய ஸ்பானிய வாள்களில் ஒரு வாசகம் பொறித்திருப்பார்கள். "காரணம் இல்லாமல் என்னை உருவாதே, மானம் இல்லாமல் என்னை உறையில் போடாதே" என்பது அதன் கருத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் வந்தவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

கத்தியைக் காட்டிக் காசு

1849-ல் மாட்ரிட் நகரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. நவாஹாவை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சண்டை போடுவது என்று சொல்லும் புத்தகம் அது. படங்களும் உண்டு.

அது யார் பெயரால் எழுதப்பட்டது தெரியுமா? ஊரைக் காக்கும் வீரன் பெயரால் அல்ல. சூதாட்டம் நடக்கும் இடங்களில் கத்தியைக் காட்டி, ஜெயித்தவர்களிடம் மாமூல் பறிக்கும் ரவுடியின் பெயரால்! அப்படிப்பட்ட ரவுடிக்கு ஸ்பெயினில் தனிப் பெயரே இருந்தது.

தற்காப்புக்கு என்று இடுப்பில் ஏறிய கத்தியை யார் நன்றாகப் பழகினார்கள் என்பதற்கு இது சாட்சி. நல்லவன் ரொட்டி வெட்டப் பழகினான். வம்பன் ஆளை வெட்டப் பழகினான். இருவரும் நேருக்கு நேர் நின்றால் யார் கை ஓங்கும்?

கத்திக்கு நல்லவன், கெட்டவன் தெரியாது. பழகிய கை எது என்றுதான் தெரியும்.

கத்தரிக்கோலால் வந்த வினை

1808-ஆம் ஆண்டு. நெப்போலியனின் பிரெஞ்சுப் படை மாட்ரிட் நகருக்குள் இருந்தது. மே மாதம் 2-ந்தேதி ஜனங்கள் பொங்கி எழுந்தார்கள். துப்பாக்கி இல்லாதவர்கள் கத்தியோடு தெருவில் இறங்கினார்கள். குதிரைமேல் வந்த சிப்பாய்களை அவர்கள் கத்தியால் தாக்கிய காட்சியைக் கோயா என்ற ஓவியர் 1814-ல் பெரிய படமாக வரைந்தார். மாட்ரிட் நகரின் பிராதோ கலைக்கூடத்தில் அந்தப் படம் இருக்கிறது.

பிரெஞ்சுத் தளபதி கடுமையான உத்தரவு போட்டார். ஆயுதத்தோடு பிடிபட்டவர்களைச் சுட வேண்டும் என்பதே உத்தரவு.

மனுவேலா மலசான்யா என்று ஒரு பெண். வயது 17. துணியில் பூவேலை செய்யும் தையல்காரி. அன்று அவளும் உயிரிழந்தாள். அவள் எப்படி இறந்தாள் என்பது பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. அதிகம் சொல்லப்படும் கதை இது:

வேலை முடிந்து அவள் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். சிப்பாய்கள் வழிமறித்துச் சோதனை போட்டார்கள். அவளிடம் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. தொழிலுக்கு வைத்திருந்த கத்தரிக்கோல்! சிப்பாய்கள் அதை ஆயுதம் என்றார்கள். சுட்டுக் கொன்றார்கள்.

இன்று மாட்ரிட் நகரின் ஒரு பகுதிக்கே மலசான்யா என்று அவள் பெயர்தான் வழங்குகிறது.

அது போர்க் காலம். அன்று நடந்தது அநியாயம். ஆனாலும் அந்தக் கதையில் ஒரு விஷயம் இருக்கிறது. கையில் இருப்பது கருவியா, ஆயுதமா என்பதை வைத்திருப்பவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பார்ப்பவரும் தீர்மானிக்கிறார்.

மலையில் பிறந்த தம்பி

ஸ்பெயினுக்கு வடக்கே பிரான்சு. அங்கே லயோல் என்று ஒரு மலைக் கிராமம். அங்கிருந்து குளிர் காலத்தில் ஸ்பெயினுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது நவாஹாவைக் கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்து, தங்கள் ஊர்க் கத்தியையும் சேர்த்து, 1829-ல் லயோல் கொல்லர்கள் புதிய மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார்கள்.

அந்தக் கத்தி ஆயுதமாக வளரவில்லை. கருவியாக வளர்ந்தது. தோலில் துளை போட ஓர் ஊசி சேர்ந்தது. பிறகு புட்டியின் கார்க்கைத் திருகி எடுக்க ஒரு திருகாணி சேர்ந்தது. சில கத்திகளின் பிடியில் சிறு ஆணிகளால் சிலுவைக் குறி செய்திருப்பார்கள். மலையில் தனியாக இருக்கும் இடையர்கள் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி, அந்தச் சிலுவையைப் பார்த்து ஜெபம் செய்வார்களாம்!

1890-ல் பிரான்சின் சவாய் மலை நாட்டில் ஜோசப் ஒப்பினேல் என்பவர் மரப்பிடி போட்ட எளிய கத்தி ஒன்றைச் செய்தார். விவசாயிகள் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். 1955-ல் அந்தக் கத்தியில் ஒரு வளையம் சேர்ந்தது. விரித்த பிறகு வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. விரலை வெட்டாமல் இருக்க இந்த ஏற்பாடு.

சுவிட்சர்லாந்துச் சிப்பாய்களுக்கு 1891-ல் ஒரு கத்தி கொடுத்தார்கள். சிப்பாய் கத்திதான், ஆனால் சண்டைக்கு அல்ல. டப்பா திறக்கவும், துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றவும் கொடுத்த கத்தி அது.

நம்மூரில் பேனாக் கத்தி என்கிறோமே, அதன் கதையும் அதுதான். பறவை இறகைச் சீவிப் பேனாவாக்கி எழுதிய காலத்தில், இறகு சீவ வைத்திருந்த சிறு கத்தி அது. இறகு போயிற்று, பெயர் நிலைத்தது.

இப்படி, கச்சையிலிருந்து பைக்கு இறங்கிய கத்தி சாதுவாகிவிட்டது!

பைக்கு வெளியே எட்டிப் பார்த்தது

1981-ல் அமெரிக்காவில் மறுபடியும் ஒரு மாற்றம் வந்தது. ஒரு கம்பெனி மடக்குக் கத்தியில் கிளிப் வைத்தது. சட்டைப் பையில் பேனாவை மாட்டுவதுபோல, கால்சட்டைப் பையின் ஓரத்தில் கத்தியை மாட்டலாம். அலகிலே ஒரு துளையும் போட்டார்கள். கட்டைவிரலால் அந்தத் துளையைத் தள்ளினால், ஒரே கையால் கத்தி விரியும்.

கயிறு பிடித்துத் தொங்கும் தொழிலாளிக்கு அது பெரிய உதவி. ஒரு கை கயிற்றில் இருந்தாலும் மறு கையால் கத்தியைத் திறக்கலாம்.

ஆனால் சண்டைக்கு நினைப்பவனுக்கும் அது வசதிதானே? பையின் அடியில் கிடந்த கத்தி கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அது முதல், கத்தியை எங்கே வைப்பது என்று பெரிய விவாதம். வலது பையா, இடது பையா? முனை மேலேயா, கீழேயா? இடுப்பு வாரிலா, கழுத்துச் சங்கிலியிலா?

கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கத்தி, கோபத்துக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நவாஹா பிறந்த ஸ்பெயினிலேயே இன்று பெரிய நவாஹாவுக்கு இடமில்லை. 1993-ல் வந்த ஆயுத விதிப்படி, அலகு 11 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள மடக்குக் கத்தியை வீட்டில் அழகுக்கு வைக்கலாம். தெருவுக்கு எடுத்து வரக் கூடாது. பொத்தானை அழுத்தினால் தானே விரியும் கத்திக்கு அங்கே தடை.

இங்கிலாந்தில் 1988-ல் ஒரு சட்டம் வந்தது. 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள, விரித்தால் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைப் பையில் வைத்திருக்கலாம். அதைவிடப் பெரிது என்றால் தகுந்த காரணம் வேண்டும். தச்சன் வேலைக்குப் போகிறான் என்றால் அது காரணம். "என்னைக் காத்துக்கொள்ள" என்றால் அது காரணம் ஆகாது. ஆளைக் குத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால், சின்னக் கத்தியும் ஆயுதமே! 4 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் எடுத்துச் செல்லக் கூடாது. சில சிறிய மடக்குக் கத்திகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தற்காப்பு என்பதை அங்கேயும் போலீசார் காரணமாக ஏற்பதில்லை. முன்பு அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ மடக்குக் கத்தி வைத்திருந்தார்கள். 1960-ல் ஓர் அரசியல் தலைவரை 17 வயதுப் பையன் குட்டை வாளால் குத்திக் கொன்றான். அதன் பிறகு, பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம் என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. பென்சில் கத்தியும் பள்ளிப் பையிலிருந்து போயிற்று.

நம் நாட்டில் ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன்கீழ் உள்ள விதிப்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுதக் கணக்கில் சேரும். வீட்டு வேலைக்கும், விவசாயத்துக்கும், தொழிலுக்கும் என்று செய்த கத்திகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அப்படியானால் சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? கூடாது! சின்னக் கத்தியைக் காட்டி மிரட்டினாலும் குற்றம். கத்தியால் காயப்படுத்தினால், கையால் அடித்ததைவிடத் தண்டனை அதிகம்.

தன் உயிரையும் பிறர் உயிரையும் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைச் சொல்கின்றன. ஆனால் அந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீசாரின் உதவியை நாட நேரம் இருந்தால், அதைத்தான் நாட வேண்டும். ஓடுகிறவனைத் துரத்திப் போய்க் குத்தினால் அது தற்காப்பு ஆகாது.

ஆபத்து வந்தால் கத்தி உதவுமா?

இனி, கேள்விக்கு வருவோம்.

வழிப்பறிக்காரன் சொல்லிவிட்டு வருவதில்லை. திடீரென்று வருவான். அப்போது கை நடுங்கும். பைக்குள் கை விட்டு, சாவிக்கும் சில்லறைக்கும் நடுவே கத்தியைத் தேட வேண்டும். சாதாரண மடக்குக் கத்தியை விரிக்க இரண்டு கையும் வேண்டும். நகத்தால் அலகை இழுக்க வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

விரித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் வேகமாகக் குத்தினால், அலகு மடங்கிக் குத்தியவர் விரலையே வெட்டிவிடும். இரத்தமும் வியர்வையும் பட்டால் பிடி வழுக்கும். எதிராளி பலசாலியாக இருந்தால் கத்தியைப் பிடுங்கிக்கொள்வான். பிறகு என்ன ஆகும்? காவலுக்கு வைத்த கத்தியே கண்டமாகிவிடும்!

இன்னொன்றும் உண்டு. அவன் பணம் பறிக்க மட்டும் வந்திருக்கலாம். கத்தியைக் கண்டதும் பயந்து, உயிரைப் பறிக்கத் துணியலாம். பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய வாய்ச் சண்டை, கத்தி கையில் இருந்த ஒரே காரணத்தால் கொலையில் முடிவதும் உண்டு. செத்தவன் குடும்பம் ஒரு பக்கம் அழும். சிறைக்குப் போனவன் குடும்பம் மறு பக்கம் அழும்.

கத்தி இடுப்பில் இருக்கிறது என்ற தைரியத்தில், போகக் கூடாத இருட்டுச் சந்துக்குள் போகிறவர்களும் உண்டு. "மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்" என்பார்கள். மடியில் கத்தி இருந்தால் பயம் போய்விடுகிறது. அதுதான் ஆபத்து! பயம் இருந்தால் கால் நல்ல வழியில் போகும்.

பின் எதை நம்புவது?

வெளிச்சமுள்ள வழி. நாலு பேர் நடமாடும் தெரு. "இந்த நேரத்துக்கு வந்துவிடுவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம். கையிலே பேட்டரி உள்ள டெலிபோன். இவை கத்தியைவிட நல்ல காவல்.

ஆபத்து என்றால் உரக்கக் கத்த வேண்டும். ஓட வழி இருந்தால் ஓட வேண்டும். அதில் வெட்கம் இல்லை. பணப்பையைக் கேட்டால் தூக்கி எறிந்துவிட்டு ஓடலாம். பணம் மறுபடி வரும், உயிர் வருமா?

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்சு எதுவானாலும் 112 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கு உதவ 181 என்ற எண் இருக்கிறது. இந்த எண்களை வீட்டில் எல்லோருக்கும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், மனப்பாடம் ஆக்கிவிட வேண்டும்.

கத்தியைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்

மடக்குக் கத்தியே கூடாதா? அப்படி இல்லை. மாம்பழம் நறுக்க, கயிறு வெட்ட, மூட்டை பிரிக்க அதைப்போல உதவி வேறு இல்லை. அதை எடுத்துச் செல்வதில் சில முறைகள் உண்டு.

மடக்கியே வைக்க வேண்டும். அலகு தளர்ந்து, தானாக விரியும் கத்தியைப் பையில் போடக் கூடாது. முள்ளை இறுக்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டோடு வைத்துவிட வேண்டும்.

கைப்பையில் தனியாகப் புரளவிடக் கூடாது. சாப்பாட்டுச் சாமான்களோடு, அல்லது வேலைச் சாமான்களோடு, ஒரு துணி உறையில் போட்டு வைக்க வேண்டும். தட்டும் பழமும் பக்கத்தில் இருந்தால், அது எதற்கு என்று பார்க்கிறவருக்குத் தெரியும்.

சட்டைப் பையின் மேலே தெரியும்படி மாட்டிக்கொண்டு கூட்டத்தில் போகக் கூடாது. திருவிழா, பொதுக்கூட்டம், கோர்ட்டு, பள்ளிக்கூடம் போன்ற இடங்களுக்குக் கொண்டு போகவே கூடாது.

விமானத்தில் கைப்பையில் கத்திக்கு இடமில்லை. ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். 2001 செப்டம்பர் 11-ந்தேதி அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தி நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, உலகம் முழுவதும் இதில் கண்டிப்பு அதிகமாகிவிட்டது. அதனால் சுவிட்சர்லாந்துக் கத்தி வியாபாரமே பெரிய அடி வாங்கியது!

பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். கூரை உடம்புக்கு வெளிப்பக்கமாக வைத்து வெட்ட வேண்டும். விரித்த கத்தியோடு ஓடக் கூடாது. மடக்கும்போது கூர் விழும் பாதையில் விரல் இருக்கக் கூடாது. பள்ளிக்கு மட்டும் அதை அனுப்பக் கூடாது.

வெட்டுப்பட்டுவிட்டால்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில நேரம் கை தவறும்.

சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்த வேண்டும். காப்பித் தூளோ மண்ணோ அப்பக் கூடாது.

ஆழமாகக் குத்திய கத்தி உடம்பிலேயே நின்றுவிட்டால், அதைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் இரத்தம் பீறிடும். அது அசையாதபடி சுற்றிலும் துணி வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 108-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்சு வரும்.

நம் வீடுகளில் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. "கீழே வை, எடுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். கொடுத்தால் சண்டை வருமாம். பிரான்சிலும் ஒரு வழக்கம் உண்டு. கத்தியைப் பரிசாக வாங்குகிறவர், கொடுத்தவருக்கு ஒரு காசு தருவார். தராவிட்டால் கத்தி நட்பை வெட்டிவிடுமாம்!

ஆறு கடல் தாண்டி வாழும் ஜனங்களுக்கும் நம் பாட்டிகளுக்கும் இந்தப் பயம் ஒன்றாகவே இருக்கிறது. கத்தி மனிதர்களுக்கு நடுவே வரக் கூடாது. காய்கறிக்கு நடுவே வரலாம் என்பதே அதன் பொருள்.

அல்பசெத்தே நகரின் கொல்லர்கள் இன்றும் நவாஹா செய்கிறார்கள். வாங்குகிறவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். சிறியதைப் பழம் நறுக்க எடுத்துக்கொள்கிறார்கள். இடுப்புக் கச்சை போயிற்று. "கிரிக், கிரிக்" என்று இருட்டில் பயமுறுத்திய காலமும் போயிற்று.

கத்தி மட்டும் இருக்கிறது, ரொட்டிக்குப் பக்கத்திலே. அதுதான் அதற்கு உரிய இடம்!